நிறுவனங்களின் நிதிநிலை அறிக்கைகள்

ஒரு நிறுவனத்திடம் என்ன இருக்கிறது, அது யாருக்கு எவ்வளவு தர வேண்டும், ஓராண்டில் எவ்வளவு ஈட்டியது, பணம் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போனது என்பவற்றைக் காட்டும் கணக்கு ஆவணங்களின் தொகுப்பு நிதிநிலை அறிக்கைகள் எனப்படும். இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 2(40)ஆம் பிரிவில் இவற்றை வரையறுக்கிறது. இருப்புநிலைக் குறிப்பு, லாப நட்டக் கணக்கு, பணப்பாய்வு அறிக்கை, தேவைப்படும் இடங்களில் பங்குரிமை மாற்ற அறிக்கை, இவற்றோடு சேர்ந்த விளக்கக் குறிப்புகள் ஆகியவை இதில் அடங்கும். ஒருநபர் நிறுவனம், சிறு நிறுவனம், செயலற்ற நிறுவனம் ஆகியவற்றுக்குப் பணப்பாய்வு அறிக்கையிலிருந்து விலக்கு உண்டு. நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. எந்தத் தலைப்பின்கீழ் எதைக் காட்ட வேண்டும் என்ற படிவத்தைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தருகிறது. 2016 ஏப்ரல் 1 முதல், 500 கோடி ரூபாயோ அதற்கு மேலோ நிகர மதிப்புள்ள நிறுவனங்கள் 'இண்ட் ஏஎஸ்' என்ற கணக்கியல் தரநிலைகளைப் பின்பற்றுகின்றன. பன்னாட்டுத் தரநிலைகளை ஒட்டி அமைந்தவை இவை.

அறிக்கைகளின் பிணைப்பு

பெரும்பாலான பாடநூல்கள் இந்த அறிக்கைகளைத் தனித்தனி அத்தியாயங்களாக நடத்துகின்றன. படிக்க அது வசதி. ஆனால் இவற்றின் பலமே ஒன்றோடொன்று கட்டுண்டு கிடப்பதில்தான் இருக்கிறது. கணக்குகள் இரட்டைப் பதிவு முறையில் இருக்க வேண்டும் என்று 128ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தம் கணித நூலில் லூகா பாச்சோலி விளக்கி எழுதிய அதே முறைதான் இது. ஒவ்வொரு பரிமாற்றமும் இரண்டு இடங்களில் பதிவாகும். பற்றும் வரவும் சமமாக வேண்டும். ஆண்டு முடிவில் லாப நட்டக் கணக்கில் மிஞ்சும் தொகை இருப்புநிலைக் குறிப்பின் உபரிக்குள் போய்ச் சேர்கிறது. அதற்கு ஈடான சொத்து ஒன்று மறுபக்கத்தில் ஏறியிருக்க வேண்டும், அல்லது கடன் ஒன்று குறைந்திருக்க வேண்டும்.

பொய் லாபத்துக்கும் இதே விதிதான். இல்லாத லாபத்தை எழுதியவர், அதற்கு ஈடாக இல்லாத ஒரு சொத்தையும் எங்காவது எழுதியாக வேண்டும், அல்லது இருக்கும் கடனை மறைத்தாக வேண்டும். ஆகவே லாபத்தின் மீது ஐயம் எழுந்தால், அது இருப்புநிலைக் குறிப்பில் எந்தத் தலைப்பின்கீழ் போய்த் தேங்கியிருக்கிறது என்று தேடுவதே நிதி அறிக்கை வாசிப்பின் முதல் பயிற்சி.

லாபமும் பணமும்

சட்டம் கேட்பது அக்ரூவல் முறைக் கணக்கு. பணம் கைமாறிய நாளில் அல்ல, வருவாயோ செலவோ உரித்தான நாளிலேயே பதிவு நடக்கும். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பிப்ரவரியில் ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை அனுப்புகிறது. நூல், சாயம், தையல் கூலி எல்லாம் சேர்த்து 88 லட்சம். வாங்கியவர் 90 நாளில் பணம் தருவார். மார்ச் 31 அன்று லாப நட்டக் கணக்கு 12 லட்சம் லாபம் காட்டும். நூல் மில்லுக்கு 30 லட்சம் பாக்கி வைத்திருந்தாலும், மீதி 58 லட்சம் ஏற்கெனவே கையைவிட்டுப் போய்விட்டது. வந்தது ஒரு ரூபாய்கூட இல்லை. சனிக்கிழமைக் கூலிக்கு முதலாளி வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் என்ற ஏற்றுமதிக் கடனைத்தான் நம்பியிருப்பார். லாபத்தில் ஓடும் நிறுவனமே பணமில்லாமல் மூச்சுத் திணறுவது இப்படித்தான். விற்பனை வேகமாக வளர வளர இந்த நெருக்கடி கூடுமே தவிரக் குறையாது.

மதிப்பீடுகளும் லாபத்தை நிர்ணயிக்கின்றன. தேய்மானத்துக்காகச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கணினிக்கு 3 ஆண்டு, பொதுவான இயந்திரத்துக்கு 15 ஆண்டு, தொழிற்சாலைக் கட்டடத்துக்கு 30 ஆண்டு என்று பயன்காலம் வைத்திருக்கிறது. தக்க தொழில்நுட்பக் காரணம் காட்டி நிறுவனம் இதிலிருந்து விலகலாம். 15ஐ 20 ஆக்கினால், ஆலையில் ஒரு திருகுகூட மாறாமலே அந்த ஆண்டின் லாபம் உயரும். வராக் கடனுக்கு எவ்வளவு ஒதுக்குவது, தேங்கிய சரக்குக்கு என்ன விலை வைப்பது போன்றவையும் நிர்வாகத்தின் தீர்ப்புக்கு உட்பட்டவைதான்.

இந்த இடைவெளியை அளப்பதற்கே பணப்பாய்வு அறிக்கை இருக்கிறது. அது தொழில் நடவடிக்கை, முதலீடு, நிதி திரட்டல் என மூன்று பகுதிகளில் பண வரவு செலவைப் பிரித்துக் காட்டும். ஐந்து ஆண்டு நிகர லாபத்தைக் கூட்டி, அதே ஐந்து ஆண்டில் தொழில் நடவடிக்கையால் வந்த பணத்தின் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எளிய சோதனை, பல நேரம் மிகக் கறாரான சோதனையும்கூட. பணம் தொடர்ந்து பின்தங்கினால், வர வேண்டிய பாக்கியிலோ சரக்கிருப்பிலோ லாபம் உறைந்து கிடக்கிறது என்று பொருள். வங்கிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றுக்கு மக்களின் வைப்புத்தொகை கடன், கொடுத்த கடனே சொத்து.

சத்யம், வேர்ல்ட்காம்

ஐதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் தலைவர் பி. ராமலிங்க ராஜு 2009 ஜனவரி 7 அன்று இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம், இந்த அறிக்கைகளின் பிணைப்பைக் கற்பிக்கும் அரிய ஆவணம். 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி ஏட்டில் இருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி ரூபாய். அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். வந்து சேராத வட்டியாகக் காட்டிய 376 கோடியும் பொய். 1,230 கோடி கடன் மறைக்கப்பட்டிருந்தது. கடனாளிகள் பாக்கி 490 கோடி மிகைப்படுத்தப்பட்டிருந்தது. செப்டம்பர் காலாண்டில் மட்டும் 2,112 கோடி வருவாயை 2,700 கோடியாகவும், 61 கோடிச் செயல்பாட்டு லாபத்தை 649 கோடியாகவும் காட்டியிருந்தனர். இரண்டிலும் வித்தியாசம் 588 கோடி. அந்தக் காலாண்டில் வங்கி இருப்பில் பொய்யாக ஏறிய தொகையும் அதே 588 கோடிதான்.

பொதுவாகப் பொய் வருவாய் கடனாளிகள் பாக்கியில் ஒளியும். பாக்கி ஊதிப்பெருத்தால் வாசகர் கண்டுகொள்வார். சத்யம் அதை ரொக்கத்திலேயே கொண்டுபோய் வைத்தது. யாரும் ஐயப்படாத வரி அது. மேலே சொன்ன பணப்பாய்வுச் சோதனைகூட இங்கே ஏமாந்திருக்கும். அந்த வரியைப் பிடிக்க ஒரே வழி, வங்கியிடம் நேரடியாகக் கேட்டு உறுதி செய்வதுதான். தணிக்கையாளர்கள் அந்த அடிப்படை வேலையைச் செய்யவில்லை என்று முடிவு கண்ட அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம், 2011 ஏப்ரலில் பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய அமைப்புகள் மீது 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் வேறு பாதையில் போனது. பிற தொலைபேசி நிறுவனங்களின் தடங்களைப் பயன்படுத்தக் கொடுத்த வாடகை அன்றாடச் செலவு. அதைச் சொத்தாக எழுதிவைத்தார்கள். செலவு லாப நட்டக் கணக்கிலிருந்து மறைந்து, நிலைச்சொத்தாக இருப்புநிலைக் குறிப்பில் முளைத்தது. சிந்தியா கூப்பர் தலைமையிலான உள்தணிக்கைக் குழு இதைத் தோண்டியெடுத்தது. 2002 ஜூனில் நிறுவனம் வெளியிட்ட முதல் தொகையே 380 கோடி டாலர். அடுத்த மாதம் திவால் மனு போட்டது. இத்தகைய நிறுவனங்களில் தொழில் நடவடிக்கைப் பணம் நன்றாகத் தெரியும், செலவு முதலீட்டுப் பகுதிக்கு இடம்பெயர்ந்திருக்கும். ஆகவே அவ்விரண்டு பகுதிகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இருப்புநிலைக் குறிப்பு

இலங்கையில் ஐந்தொகை எனப்படும் இந்த அறிக்கை ஒரே நாளின் நிலையைக் காட்டுவது. மார்ச் கடைசி வாரத்தில் கடனைச் சற்றே அடைத்துவிட்டு ஏப்ரலில் திரும்ப வாங்குவது புதிதல்ல. ஆண்டு வட்டிச் செலவைக் காட்டப்பட்ட கடனால் வகுத்துப் பார்த்தால், சந்தை வட்டியைவிட மிக உயர்ந்த விகிதம் வரும். ஆண்டு முடிவுக்காகச் செய்த இந்த அலங்காரம் அதில் தெரிந்துவிடும். 2019 ஏப்ரல் முதல் இண்ட் ஏஎஸ் 116, நீண்டகாலக் குத்தகைகளையும் கடனாகக் காட்டச் சொல்கிறது. விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டும் நிறுவனங்களின் தோற்றத்தையே மாற்றிய விதி இது.

விகிதங்கள்

2021 மார்ச்சில் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்ட பின், நிறுவனங்கள் 11 விகிதங்களைத் தாமே கணக்கிட்டுக் குறிப்புகளில் தர வேண்டும். முந்தைய ஆண்டைவிட 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணமும் எழுத வேண்டும். பாக்கிகளை அவற்றின் வயதுவாரியாகக் காட்டும் பட்டியலும் அப்போதே வந்தது. விகிதங்களைவிட இந்தப் பட்டியல் பயனுள்ளது எனலாம். மூன்றாண்டைத் தாண்டிய பாக்கி பெருகுவதைப் பார்த்தால் விளக்கமே வேண்டாம்.

நடப்புச் சொத்துகளை நடப்புக் கடன்களால் வகுத்து வரும் நடப்பு விகிதம் 2 இருக்க வேண்டும் என்பது பாடநூல் வாக்கு. இந்திய வங்கியாளர்கள் 1975ஆம் ஆண்டின் டான்டன் குழு அறிக்கைக்குப் பிறகு 1.33ஐ அளவுகோலாகக் கொண்டார்கள். வாடிக்கையாளரிடம் உடனே பணம் வாங்கி, சரக்கு தந்தவருக்குத் தாமதமாகக் கொடுக்கும் நுகர்பொருள் நிறுவனம், இந்த விகிதம் 1க்கும் கீழே இருந்தாலும் செழிப்பாக இருக்கலாம்.

முதலின் மீதான ஈட்டத்தை லாப விகிதம், சொத்துச் சுழற்சி என இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் வழக்கத்தை 1910களில் டூபான்ட் நிறுவனத்தின் டொனால்ட்சன் பிரௌன் கொண்டுவந்தார். கடன் பெருக்கம் என்ற மூன்றாவது காரணி பின்னர் சேர்ந்தது. ஒரு நிறுவனத்துக்கு 12 சதவீத லாபம், 1.5 முறை சுழற்சி, கடனே இல்லை. பங்குதாரர் முதலுக்கு 18 சதவீதம் ஈட்டுகிறது. இன்னொன்றுக்கு 3 சதவீத லாபம், 2 முறை சுழற்சி, சொந்த முதலைப்போல் மூன்று மடங்கு சொத்து. அதற்கும் 18 சதவீதம்தான். இரண்டாவதில் லாபம் ஒரு புள்ளி சரிந்தால் ஈட்டம் 12க்கு இறங்கும், முதலாவதில் 16.5தான் ஆகும்.

குறிப்புகளும் தணிக்கையும்

தொடர்புடையோர் பரிவர்த்தனை, நீதிமன்றத்தில் நிற்கும் வரி வழக்கு, பிற நிறுவனங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் எல்லாம் அறிக்கைகளின் முகப்பில் இருக்காது, பின்னால் வரும் குறிப்புகளில்தான் இருக்கும். தணிக்கையாளரின் கருத்து தூயதாகவோ, வரம்புக்கு உட்பட்டதாகவோ, எதிர்மறையாகவோ இருக்கலாம். போதிய சான்று கிடைக்காவிட்டால் கருத்துச் சொல்லவே அவர் மறுக்கலாம். பதவிக்காலம் முடியுமுன் தணிக்கையாளர் விலகினால், அதற்கான காரணத்தைத் தேடிப் படிப்பது நல்லது. பட்டியலிட்ட நிறுவனங்கள், பெரிய பொது நிறுவனங்கள் ஆகியவற்றின் தணிக்கையை 2018 அக்டோபரில் அமைந்த தேசிய நிதிநிலை அறிக்கையிடல் ஆணையம் கண்காணிக்கிறது.

பட்டியலிட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்து 45 நாளிலும், ஆண்டு முடிந்து 60 நாளிலும் முடிவுகளை வெளியிட வேண்டும். மற்ற நிறுவனங்களின் கணக்கும் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 30 நாளில் நிறுவனப் பதிவாளரிடம் போகிறது. சிறு கட்டணம் செலுத்தி நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் யாரும் அதைப் பார்வையிடலாம்.