எண்ணெயில் மறைந்திருந்த இரண்டாம் நஞ்சு

1968-ஆம் ஆண்டில் மேற்கு ஜப்பானில் பல குடும்பங்களை ஒரு விநோத நோய் பற்றியது. முகமெல்லாம் பருக்கள், நகமும் ஈறும் கறுத்தன, கைகால் மரத்துப் போயின. சில குழந்தைகள் கறுத்த தோலோடு பிறந்தன.

காரணம், அவர்கள் சமைத்த தவிட்டு எண்ணெய். ஆலையில் எண்ணெயின் வாடையை நீக்கச் சூடேற்றுவார்கள். அந்தச் சூட்டைக் கொண்டுசெல்லும் குழாயில் பி.சி.பி. என்னும் இரசாயனம் ஓடியது. அது கசிந்து எண்ணெயில் கலந்துவிட்டது.

ஆனால், ஒரு புதிர். தொழிற்சாலைகளில் பி.சி.பி.யைக் கையாண்டவர்களின் இரத்தத்திலும் அது மிகுந்திருந்தது; அவர்களுக்கோ நோய் இவ்வளவு கடுமையாக இல்லை. 1970-களில் விடை கிடைத்தது. சூடேறிய பி.சி.பி.யில் ஃபியூரான் வகை நஞ்சும் உண்டாகியிருந்தது. அளவில் குறைவு, வீரியத்தில் அதிகம்.

கள்ளும் சம்சுவும் குடித்தவனின் போதையைக் கோப்பைக் கணக்கில் சொல்ல முடியுமா? வீரியம் பார்த்தல்லவா கூட்ட வேண்டும்! அறிஞர்களும் பின்னாளில் அப்படியே செய்தார்கள். டையாக்சின் என்னும் கொடிய நஞ்சின் வீரியத்தை 1 என்று கொண்டு, அதைப்போலவே உடலைத் தாக்கும் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு, அளவால் பெருக்கிக் கூட்டினார்கள்.

1979-இல் தைவானிலும் இதே துயரம் நேர்ந்தது. இந்நஞ்சுகள் உடற்கொழுப்பில் பல்லாண்டு தங்குபவை.

ஜப்பானில் மனிதருக்கு நோய் தெரியவருமுன்பே, அதே ஆலையின் எண்ணெய் கலந்த தீவனத்தைத் தின்ற கோழிகள் இலட்சக்கணக்கில் செத்தன. சமையல் எண்ணெய் விற்பனையோ நிற்கவில்லை. ஆகவே, ‘கொஞ்சம்தானே’ என்று யாரேனும் சொன்னால், ‘எதோடு கலந்த கொஞ்சம்?’ என்று நாம் கேட்போம்.