அம்மன் காசும் என் அம்மாவும்

இந்த இதழுக்கு ஊர் வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் வரலாறு படித்தவன் அல்லன். பி.காம். முடித்து, முப்பத்தைந்து வருடம் வங்கியில் எழுத்தராக இருந்தவன். எனக்குத் தெரிந்தது காசுதான். அதனால் நம் புதுக்கோட்டையின் காசைப் பற்றியே எழுதுகிறேன். நடுவில் என் அம்மாவும் வந்துவிடுவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அம்மஞ்சல்லிக்குப் பெறாது" என்று பெரியவர்கள் திட்டுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அம்மஞ்சல்லி வேறெதுவும் இல்லை, நம் சமஸ்தானத்தின் அம்மன் காசுதான். சின்னச் செப்புக் காசு. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள். மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்று இருக்கும். தொண்டைமான் மன்னர்கள் தங்களை பிரகதாம்பாளின் தாசர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். அதனால் காசில் ராஜாவின் முகம் இல்லை, அம்மனின் உருவம்தான்.

1738இல் விஜய ரகுநாதராயத் தொண்டைமான் திருவரங்குளம் காட்டில் சதாசிவ பிரம்மேந்திரரைச் சந்தித்தார் என்பது சமஸ்தான வரலாறு. மௌன விரதத்தில் இருந்த அவர் மணலில் உபதேசம் எழுதிக் காட்ட, மன்னர் அந்த மணலையே எடுத்துவந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்பார்கள். அதற்குப் பிறகு நவராத்திரி இங்கே பெரிய விழாவானது. அந்த நாட்களில் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் அரிசியும், அதோடு அம்மன் காசும் தருவது வழக்கம். சோற்றுக்கு அரிசி, உப்பு புளிக்குக் காசு என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இனி என் தொழில் கணக்குக்கு வருகிறேன். ஓர் அணாவுக்கு 20 அம்மன் காசு. ரூபாய்க்கு 16 அணா. ஆக ஒரு ரூபாயை மாற்றினால் 320 காசு. அதாவது ஒரே ஒரு ரூபாயை வைத்து 320 பேர் கையில் ஆளுக்கொன்று போடலாம்! காசு இத்தனை சிறிதாக இருந்தால்தான் இத்தனை கைக்கு எட்டும். சேஷய்யா சாஸ்திரி நிர்வாகம் செய்த காலத்தில், 1889இல், இந்தக் காசை இங்கிலாந்தில் பர்மிங்காமில் அச்சடித்துத் தருவித்தார்கள். இயந்திரத்தில் அடித்ததால் அவை வட்டம் பிசகாமல் இருக்கும். ரூபாயில் 320இல் ஒரு பங்குக்குக் கப்பல் பயணம்! 1948 மார்ச் 3ஆம் தேதி சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அதோடு அம்மன் காசின் காலமும் முடிந்தது.

என் அம்மாச்சி சிறுமியாக நவராத்திரிக் கூட்டத்தில் நின்று அரிசி வாங்கியவர். அந்த வீட்டிலிருந்து என் அம்மாவுக்கு வந்த சீதனத்தில் ஒரு தகர டப்பாவும், அதில் ஒன்பது அம்மன் காசுகளும் இருந்தன. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். அவர் இறந்தபோது அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. குடும்ப ஓய்வூதியத்தில் மூன்று பிள்ளைகளை வளர்த்தார்.

அந்த வீட்டிலும் அம்மா ஒரு பழக்கத்தை விடவில்லை. உலைக்கு அரிசி அளந்த பிறகு அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடி அரிசி என்பார்கள், உங்கள் வீடுகளிலும் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அது யாருக்காவது போகும். எங்களுக்குச் சோறு குறைந்த நாளிலும் அந்தப் பிடி குறையவில்லை. இதற்காக நான் அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். "ஒரு பிடியில நமக்கு வயிறு நெறஞ்சுடுமா தம்பி?" என்பார். அரண்மனை கொடுத்த அரிசி குடியானவர் கட்டிய வரியிலிருந்து வந்தது. அம்மாவின் அரிசி எங்கள் தட்டிலிருந்து வந்தது. இரண்டையும் நான் ஒரே தலைப்பில் வரவு வைக்க மாட்டேன்.

இப்போது நான் சொல்ல வெட்கப்படும் இடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நாணயம் சேகரிக்கும் ஒருவர் அம்மன் காசு கேட்டார். ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய் என்றதும், அம்மாவிடம் கேட்காமல் டப்பாவிலிருந்து நான்கை எடுத்துக் கொடுத்துவிட்டேன். நூறு ரூபாய் அன்று எனக்குப் பெரிய தொகை. அந்த வருட நவராத்திரியில் அம்மா டப்பாவைத் திறந்தார், எண்ணினார், மறுபடியும் எண்ணினார். என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கடைசிவரை கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை.

2018 நவம்பர் 16, கஜா புயல். உங்களில் பலருக்கு அந்த இரவு மறந்திருக்காது. மின்சாரம் போய், ஆழ்துளைக் கிணறுகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. அம்மா தனியாக இருந்த பழைய வீட்டில் மட்டும் கயிறும் இராட்டினமும் போட்ட கிணறு இருந்தது. அதை மூடிவிடலாம் என்று நான் பத்து வருடமாகச் சொல்லிவந்திருந்தேன். அந்த நாட்களில் தெருவே அங்கேதான் தண்ணீர் இறைத்தது. எண்பது வயதைத் தாண்டிய அம்மா வாசல் கதவைத் தாழ் போடாமல், நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார்.

அம்மா மறைந்த பிறகு பழைய நாட்குறிப்பு ஒன்று கிடைத்தது. பின்பக்கங்களில் பென்சிலில் சிறு கணக்குகள். கீரைக்காரம்மாவுக்குப் பஸ் காசு, பால்காரர் மகளுக்கு நோட்டுப் புத்தகம், கோயில் வாசலில் இருப்பவருக்குப் போர்வை. பெரும்பாலும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய். நம் மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாத மொய் விருந்து தெரியும் அல்லவா? அங்கே ஒவ்வொரு ரூபாயும் மொய் நோட்டில் ஏறும், என்றாவது திரும்பி வரும். அது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் கணக்கில் வரவு என்ற பத்தியே இல்லை. கூட்டுத்தொகையும் போடவில்லை. எழுத்தர் புத்தி, நான் கூட்டிப் பார்த்தேன். தொகையை இங்கே எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், அவ்வளவு சின்னது. கொடுத்த பேர் மட்டும் இருநூற்றுக்கு மேல்.

திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய நம் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய் நாணயப் பகுதியைக் காட்டுங்கள். 1898இல் கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்த மண் இது என்பதையும் சொல்லுங்கள். பொன் என்றதும் பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். கூடவே அந்தச் செப்புக் காசையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மீதி ஐந்து காசும் என்னிடம் இருக்கின்றன. வரும் நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில், அதே தகர டப்பாவில் வைக்கிறோம். பார்க்க விரும்புகிறவர்கள் மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். சுண்டல் உண்டு.