வேற்றுலகமும் வீட்டுத் திறப்பும்



கோயில் மண்டபத்திலே கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு வேற்றுலகம் என்பது புதிய செய்தியன்று. சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டான் என்று பயன் சொல்பவர் விரித்துரைக்கும்போது, முன்னாலிருக்கும் கிழவியர் எவரும் வியப்படைவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தனை அண்டங்களுக்கும் அதிபதியானவன் குடியிருந்தது ஒரேயொரு நகரிலேதான். தென்கடலில் அமைந்த வீரமகேந்திரமே அவன் வீடு. ஆளுவது வேறு, வாழ்வது வேறு.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டே, மனிதர் இன்னொரு கோளிலே குடியிருக்க விரும்புவரா என்ற வினாவை அணுக வேண்டியுள்ளது. 1969 தொடங்கி 1972 வரை 12 மனிதர் சந்திரனில் நடந்தனர். அவர்களுள் எவரும் அங்கே நான்கு நாள் தங்கியதில்லை. 2013 இல் ஒல்லாந்து நாட்டு நிறுவனமொன்று, செவ்வாய்க்குச் சென்று திரும்பாமலே வாழ்வதற்கு ஆட்களைக் கோரியது. இரண்டு இலட்சம் பேர் ஆர்வம் காட்டினர் என்று அந்நிறுவனம் அறிவித்தது. 2019 இல் அது வங்குரோத்து அடைந்தது. போக விரும்பியவர்களின் மனத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அத்துடன் முடிந்துபோயிற்று.

ஆயினும் வரலாறு நமக்கு வேறொரு சோதனையை விட்டுவைத்திருக்கிறது. நம் பாட்டன் பூட்டன் காலத்து மலாயாவே அது.

மலாயாவின் முதலாவது புகையிரதப் பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே 1885 இல் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து பாதைகள் நீண்டன. நில அளவை, பொதுவேலை, திறைசேரி முதலிய கந்தோர்கள் பெருகின. ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர் அங்கே தேவைப்பட்டனர். இங்கோ, 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரி தொடங்கிய நாள் முதல் மிசன் பாடசாலைகளும், பின்னர் சைவப் பாடசாலைகளும் ஆங்கிலம் கற்றோரை ஆண்டுதோறும் உருவாக்கிக்கொண்டிருந்தன. அத்தனை பேருக்கும் இலங்கையில் உத்தியோகம் இல்லை. ஆறில்லாத நாடு, கிணற்றை நம்பிய தோட்டம். முதுசமாகவும் சீதனமாகவும் பிரிந்து பிரிந்து சில பரப்பாகச் சுருங்கிய காணி. சண்டிலிப்பாய், மானிப்பாய், வட்டுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து இளைஞர் கப்பலேறியதில் வியப்பில்லை.

அவர்கள் அங்கே போக விரும்பினார்களா? ஆம். வாழ விரும்பினார்களா? அவர்களின் செயல்களே விடை சொல்கின்றன. சம்பளத்தில் ஒரு பங்கு மணியோடராக ஊருக்கு வந்தது. அந்தப் பணத்தில் இங்கே காணி வாங்கினார்கள், கிணறு வெட்டுவித்தார்கள், கல்வீடு எழுப்பினார்கள், கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கொடுத்தார்கள். பெண்ணெடுக்க ஊருக்கு வந்தார்கள். ஓய்வுபெற்றதும் திரும்பி வந்து, ‘மலாயாப் பென்சனியர்’ என்ற பெயருடன் திண்ணையிலே சாய்மனைக் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். முப்பது ஆண்டு ஓரிடத்திலே உழைத்தும், அவர்கள் மனம் குடியிருந்தது இங்கேதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எல்லோரும் திரும்பவில்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரும் சிங்கப்பூருமே ஊராயின. வட்டுக்கோட்டையில் 1915 இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே மலாயாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட எஸ். இராஜரத்தினம், பிற்காலத்தில் சிங்கப்பூரின் முதலாவது வெளிநாட்டமைச்சரானார். போனவனுக்கு அது வேற்றுலகம். பிறந்தவனுக்கும் வளர்ந்தவனுக்கும் அதுவே உலகம்.

இன்னொன்றும் சிந்திக்கத்தக்கது. கடல் கடந்து மலாயாவுக்குப் போன நம்மவர்கள், ஆனையிறவுக்கு அப்பாலிருந்த வன்னிக்குப் போக நெடுங்காலம் தயங்கினார்கள். மலாயாவிலே மாதச் சம்பளமும், கடிதமும், கூடியிருக்க உறவினரும் இருந்தனர். வன்னியிலோ காடும் மலேரியாவும். 1930 களில் கிளிநொச்சியிலே இரணைமடுக் குளத்தை நம்பிக் குடியேற்றம் தொடங்கியது. 1940 களின் பிற்பகுதியில் டீடீரீ தெளித்து மலேரியா அடக்கப்பட்டது. அதன் பின்னரே வன்னியில் குடியேற்றம் பெருகியது. 1970 களின் முற்பகுதியிலே மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் இளைஞர் செழித்தனர். ஆகவே தூரம் ஒரு பொருட்டன்று. பிழைக்க வழி, பேச உறவு, திரும்பப் பாதை என்ற மூன்றுமே மனத்தைத் தீர்மானிக்கின்றன.

அந்தப் பாதை அறுந்தால் என்ன நேரும் என்பதையும் கண்டோம். 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. 1945 வரை மலாயாவுக்கும் யாழ்ப்பாணத்துக்குமிடையே கடிதமும் மணியோடரும் நின்றன. கணவன் உயிரோடிருக்கிறானா என்றறியாமல் பெண்கள் இங்கே காத்திருந்தனர். கடல் மாறவில்லை, தூரமும் மாறவில்லை. ஆயினும் மலாயா அன்றுதான் உண்மையில் வேற்றுக் கோளாயிற்று.

சரி, செவ்வாய்க்கு வருவோம். சாதகக் கட்டத்திலே ஏழிலோ எட்டிலோ அது நின்றாலே கலியாணம் தள்ளிப்போகும் நாட்டிலே, அதன் மேலேயே போய் நிற்பதைப் பற்றிப் பேசுகிறோம்! அங்கே ஒரு நாள் 24 மணித்தியாலத்துக்குச் சற்றே கூடியது. அவ்வளவே நம்மோடு ஒற்றுமை. காற்றில் 95 வீதம் காபனீரொட்சைட்டு. காற்றின் அழுத்தம் பூமியில் உள்ளதன் நூறிலொரு பங்குக்கும் குறைவு. ஈர்ப்பு 38 வீதம். பயணம் ஏறக்குறைய ஏழு மாதம். புறப்பட ஏற்ற காலம் 26 மாதத்துக்கு ஒருமுறை. ஒரு சொல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் செல்லும். சூரியன் இடையிலே வரும்போது இரண்டு கிழமையளவு தொடர்பே தடைப்படும். 1942 ஐ நினைத்துப் பாருங்கள். பிழைக்க வழி, உறவு, பாதை என்ற மூன்றில் ஒன்றும் அங்கே உறுதியில்லை.

எல்லாவற்றிலும் பெரிய வினா, அங்கே பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றியது. மலாயாவிலே பிறந்த பிள்ளை விரும்பினால் கப்பலேறி ஊரைப் பார்க்கலாம். குறைந்த ஈர்ப்பிலே வளர்ந்த எலும்பு பூமியின் பாரத்தைத் தாங்குமா என்பதை இன்றுவரை எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. போகிறவன் தன் விருப்பத்தாற் போகிறான். அந்தப் பிள்ளையின் விருப்பத்தை யார் கேட்டார்?

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். மழை, சேறு, அடியெடுத்து வைக்க இடமில்லாத சனம். அன்று வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிலே முடிந்துகொண்டு போகாதவர் அரிது. மறு ஆண்டு பலர் திரும்பினர். சிலர் வீட்டில் பூட்டே இருக்கவில்லை; சிலருக்கு வீடே இருக்கவில்லை. ஆயினும் திறப்பை அவர்கள் எறிந்துவிடவில்லை.

மனிதர் வேற்றுக் கோளுக்குப் போவார்கள். போகும் துணிவு நம் இனத்துக்கும் புதிதன்று. ஆனால் அங்கே போகிறவனும் புறப்படுமுன் ஒருமுறை வாசலிலே நிற்பான். வீட்டைப் பூட்டுவான். அந்தத் திறப்பை அவன் யாரிடமும் கொடாமல் தன் மடியிலே முடிந்துகொள்வானாயின், அவன் போகிறவனேயன்றிக் குடியேறுபவன் அல்லன் என்று நாம் துணிந்து கூறலாம்.