அழுத்த அறையில் தீ: உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சைக் கூடங்களின் பாதுகாப்பு விதிகள் உருவான வரலாறு

உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையில் நோயாளி மூடிய அறைக்குள் இருந்து, இயல்பான வளிமண்டல அழுத்தத்தைப் போல 2 முதல் 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார். ரத்தத்தின் நீர்மப் பகுதியில் ஆக்சிஜன் கூடுதலாகக் கரைவதால், மூழ்காளர்களுக்கு வரும் அழுத்தநீக்க நோய், கார்பன் மோனாக்சைடு நச்சேற்றம், வாயு அழுகல், ஆறாத நீரிழிவுப் புண் ஆகியவற்றுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. இக்கூடங்களின் பாதுகாப்பு விதிகள் எந்தெந்த விபத்துகளை அடுத்து உருவாயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தீயின் மூலம் முதலில் இயந்திரத்தில் இருந்தது. பிறகு நோயாளியின் சட்டைப்பைக்கு நகர்ந்தது. இன்று கண்காணிப்புக்கு வெளியே இயங்கும் நிலையங்களில் இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் விதி விபத்துக்குப் பின்னரே வந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. முதல் அச்சம்: நச்சுத்தன்மை

ஆக்சிஜனின் ஆபத்தை முதலில் அறிந்தவர்கள் உடலியல் அறிஞர்கள். அழுத்தமேற்றிய ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். நீண்ட நேரம் சுவாசித்தால் அது நுரையீரலைத் தாக்கும் என்பதை ஜேம்ஸ் லொரைன் ஸ்மித் 1899இல் நிறுவினார். அழுத்தத்துக்கும் நேரத்துக்கும் வரம்பு வைப்பது, இடையிடையே சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் செய்வது ஆகிய இன்றைய நடைமுறைகள் இந்த அறிவின் வழியே வந்தவை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1928இல் ஆர்வல் கன்னிங்ஹாம் கட்டிய 64 அடி விட்ட எஃகுக் கோளத்தில் அழுத்தமேற்றப்பட்டது வெறும் காற்றுதான். அதன் மருத்துவப் பயனுக்குச் சான்று கிடைக்காததால் அது நீடிக்கவில்லை. 1937இல் பென்கேயும் ஷாவும் அழுத்தநீக்க நோய்க்கு ஆக்சிஜனைப் பயன்படுத்திய பின், 1955இல் லண்டனில் சர்ச்சில்-டேவிட்சன் கதிர்வீச்சு சிகிச்சையோடு அதை இணைத்தார். ஆம்ஸ்டர்டாமில் போரெமா அழுத்த அறையையே அறுவைக்கூடமாக்கினார். ரத்தச் சிவப்பணுக்களை ஏறத்தாழ முழுவதும் அகற்றிய பன்றிகளைக் கரைந்த ஆக்சிஜனைக் கொண்டே உயிர்வாழச் செய்த அவரது ஆய்வு 1960இல் வெளியானது. மருத்துவமனைகள் இத்துறையில் ஆர்வத்துடன் இறங்கின. தீ பற்றிய பொது விதிமுறை எதுவும் அப்போது அவற்றின் கையில் இல்லை.

2. இயந்திரத்திலிருந்து எழுந்த தீ

1965 பிப்ரவரி 16 அன்று வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படையின் பரிசோதனை மூழ்குப் பிரிவிலிருந்த அழுத்த அறையில் தீப்பற்றி இரு மூழ்காளர்கள் இறந்தனர். கரியமில வாயுவை அகற்றும் கருவியில் தீ தொடங்கியது. 1967 ஜனவரி 27 அன்று அப்பல்லோ 1 கலத்தில், தரையில் நடந்த ஒத்திகையின்போது, தூய ஆக்சிஜன் சூழலில் மூன்று விண்வெளி வீரர்கள் மாண்டனர். நான்கு நாள் கழித்து டெக்சாஸில் புரூக்ஸ் விமானப்படைத் தளத்தின் ஆக்சிஜன் அறையில் இருவர் இறந்தனர்.

இவற்றில் மருத்துவமனை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பாடம் எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. ஆக்சிஜனின் விகிதம் உயரும்போது, சாதாரணக் காற்றில் மெல்லக் கருகும் துணி நொடிகளில் எரிந்துவிடும். அறைக்கதவை உள்ளழுத்தமே இறுக்கிப் பிடித்திருப்பதால், அழுத்தம் இறங்கும்வரை யாராலும் வெளியேற முடியாது.

3. விதிகளின் வடிவம்

அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் இக்கூடங்களுக்கென வகுத்த நெறிமுறை பிற்பாடு மருத்துவ வசதிகளுக்கான அதன் 99ஆம் எண் விதித்தொகுப்பில் சேர்ந்தது. அறைக்கலனின் கட்டுமானத்துக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 1977இல் தனித் தரநிலை வெளியிட்டது.

விதித்தொகுப்பின் அடிப்படை இரண்டு வகை அறைகளுக்கும் வேறுபடுகிறது. பலர் அமரும் அறையில் காற்றுதான் நிரப்பப்படுகிறது. முகமூடி வழியாக மட்டுமே ஆக்சிஜன் தரப்படுகிறது. கசிவால் அறைக்காற்றின் ஆக்சிஜன் 23.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால்தான் நோயாளி வெளிவிடும் மூச்சைக் குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே அனுப்புகிறார்கள். தீயணைப்பு அமைப்பை இயக்கிய 3 நொடிக்குள் நீர் கொட்டத் தொடங்க வேண்டும். ஒருவர் படுக்கும் அறை பெரும்பாலும் முழுக்க ஆக்சிஜனால் நிரப்பப்படுவது. அங்கு விகிதத்தைக் குறைக்க வழியில்லை. ஆகவே பருத்தி உடை, நிலமிணைப்புக் கைப்பட்டை, எண்ணெயோ களிம்போ பூசாத உடல் ஆகியவையே காப்பு.

அவசரத்தில் ஒருவர் அறையின் அழுத்தம் 2 நிமிடத்திலும் பலர் அறையின் அழுத்தம் 6 நிமிடத்திலும் இயல்புக்கு இறங்கிவிட வேண்டும் என்கிறது விதி. தீயோ நொடிக் கணக்கில் வேலையை முடித்துவிடும். இந்த இடைவெளியே, தப்பிக்கும் வழியைவிடத் தடுக்கும் வழிக்கு விதித்தொகுப்பு முதலிடம் தருவதை விளக்குகிறது.

4. சட்டைப்பையிலிருந்து எழுந்த தீ

ஷெஃபீல்டும் டெசாட்டெல்ஸும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, 1923 முதல் 1996 வரை உயர் அழுத்த அறைகளில் நேர்ந்த 35 தீ விபத்துகளில் 77 பேர் இறந்ததாகக் கணக்கிட்டது. 1980க்கு முன் தீக்கு முதன்மைக் காரணம் மின்சாரம். அதன்பின் நோயாளிகள் உள்ளே கொண்டுசென்ற தடைப்பொருள்கள். உயிரிழப்பு நேர்ந்த தீ ஒவ்வொன்றிலும் அறையின் ஆக்சிஜன் 28 சதவீதத்தைக் கடந்திருந்தது. பிழைத்தவர்கள் இருந்தது காற்று நிரப்பிய அறைகளில் மட்டுமே.

அந்த ஆய்வு வெளியான ஆண்டிலேயே, அக்டோபர் 31 அன்று, மிலான் நகரின் கலியாட்சி எலும்பியல் மருத்துவமனையில் 11 பேர் இறந்தனர். நோயாளி ஒருவர் வைத்திருந்த கைசூடாக்கி தீயைத் தொடங்கியது. தீயணைப்பு அமைப்பில் நீர் இருக்கவில்லை. பொறியியல் செய்து வைத்திருந்ததைப் பராமரிப்பும் வாசல் சோதனையும் கைவிட்டன. 2016 மார்ச்சில் ஜகார்த்தாவின் கடற்படை மருத்துவமனை அறையில் நால்வர் இறந்தனர்.

5. கண்காணிப்புக்கு வெளியே

அண்மைக் கட்டத்தில் ஆபத்து மருத்துவமனையைத் தாண்டியது. 2009இல் ஃபுளோரிடாவின் தனியார் நிலையம் ஒன்றில் இத்தாலியிலிருந்து வந்த 4 வயதுச் சிறுவனும் அவன் பாட்டியும் தீயில் இறந்தனர். ஆட்டிசம் போன்ற நிலைகளுக்கு இச்சிகிச்சை பயன்படும் என நிறுவப்படவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013இல் எச்சரித்தது. 2025 ஜனவரியில் மிச்சிகனின் டிராய் நகரில் 5 வயதுச் சிறுவன் இறந்தான்; அவனுக்கு நிலமிணைப்புப் பட்டை அணிவிக்கப்படவில்லை என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. அதே ஆண்டு ஜூலையில் அரிசோனாவில் நிலைய உரிமையாளரே அறைத்தீக்கு இரையானார்.

முடிவுரை

மின்பொறிக்கான தீர்வைப் பொறியியல் தந்தது. சட்டைப்பைக்கான தீர்வு அன்றாடச் சோதனையில் இருந்தது. இன்றைய சிக்கலுக்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. இருக்கும் விதி யாருக்குப் பொருந்தும் என்பதே கேள்வி. எந்த நோய்க்கு, எந்தப் பெயரில் நடத்தினாலும், மூடிய கலத்தில் மனிதரை வைத்து ஆக்சிஜனால் அழுத்தமேற்றும் இடம் எதுவும் உரிமம், ஆய்வு, பயிற்சி பெற்ற இயக்குநர் ஆகிய மூன்றுக்கும் கட்டுப்பட வேண்டும். மருத்துவமனை, தனியார் நிலையம் என்று தீ வேறுபாடு பார்ப்பதில்லை. சட்டமும் பார்க்கக் கூடாது.