திவால் விமோசனமும் கடன் பதிவேடும்: தாராவித் தமிழரை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வியாபாரத்தில் நொடித்துப்போன தனிமனிதன் ஒருவனைக் கடன் பாரத்திலிருந்து விடுவிப்பதற்குப் பம்பாய் உயர்நீதிமன்றம் இன்றளவும் கையாண்டு வருவது, கல்கத்தா, சென்னை, பம்பாய் என்னும் மூன்று ராஜதானி நகரங்களுக்கென்று 1909-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திவால் சட்டமே ஆகும். அதனை ரத்துச் செய்யும் நோக்கத்தோடு 2016-இல் பாராளுமன்றம் புதியதொரு சட்டத் தொகுப்பை நிறைவேற்றியபோதிலும், தனிமனிதர்களுக்குரிய அதன் மூன்றாம் பாகம், கம்பெனிக் கடன்களுக்குச் சொந்த ஜாமீன் கொடுத்தவர்களின் விஷயத்தில் மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்ததேயன்றி, நான்கு தையல் இயந்திரங்களை வைத்துத் தோற்பை தைக்கும் தாராவிக்காரருக்கோ, மாட்டுங்காவில் மளிகைக் கடை நடத்துபவருக்கோ பயன்படும்படி வரவில்லை. அவர்களில் ஒருவர் ஐ.பி. என்னும் திவால் மனுக் கொடுக்க நேர்ந்தால், நீதிமன்றம் நியமித்த அதிகாரியிடம் உடைமைகளை ஒப்புவித்துவிட்டு, நூறாண்டுக்கு முந்திய அச்சட்டத்தின் பிரகாரமே விமோசனம் கோரி நிற்க வேண்டும்.

பழைய சட்டம் என்ற காரணத்தால் மட்டும் அதைப் புறக்கணிப்பதற்கில்லை. விமோசனம் கோரி வந்தவன் கணக்குப் புத்தகங்களை முறையாக வைத்திருந்தானா, மீள வழியில்லை என்று தெரிந்த பின்னும் வியாபாரத்தைத் தொடர்ந்து பிறர் பொருளை இழுத்துவிட்டானா, சூதாட்டத்திலோ வரம்பற்ற ஆடம்பரத்திலோ துணிச்சலான ஊகபேரத்திலோ செல்வத்தை அழித்தானா, கடன் கொடுத்தவர்களுள் ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சலுகை காட்டினானா என்றெல்லாம் நியாயாதிபதி விசாரித்து, விடையைப் பொறுத்து விமோசனத்தை அளிக்கவோ மறுக்கவோ ஒத்திவைக்கவோ நிபந்தனைக்கு உட்படுத்தவோ அச்சட்டம் இடம் தருகிறது. விமோசனம் பெறாத ஒருவன் தன் நிலையைத் தெரிவிக்காமல் ஐம்பது ரூபாய்க்குக் கடன் வாங்கினாலும் ஆறு மாதம் வரை சிறை என்று அது விதித்திருப்பது, 1909-இன் ஐம்பது ரூபாயை அறியாத இக்காலத்தில் கொடுமையாகவே தோன்றும். ஆயினும் துரதிருஷ்டத்தால் விழுந்தவனையும் வஞ்சனையால் பிறரை வீழ்த்தியவனையும் வேறு வேறாகப் பார்க்க வேண்டும் என்னும் நீதியுணர்ச்சி அதன் அடிப்படையில் இருக்கிறது.

அந்த நீதியுணர்ச்சிதான் இன்றைய கடன் பதிவேட்டில் இல்லை என்பது என் வாதம். 2000-ஆம் ஆண்டில் மும்பையில் சிபில் என்னும் கடன் தகவல் ஸ்தாபனம் தோற்றுவிக்கப்பட்டு, 2005-இல் கடன் தகவல் ஸ்தாபனங்களுக்கென்று தனிச் சட்டமும் இயற்றப்பட்ட பிறகு, ஒருவனுடைய நாணயம் 300-க்கும் 900-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது. தவணை வந்ததா, எத்தனை நாள் தாமதித்து வந்தது, முடிவில் கடன் முழுவதும் அடைந்ததா, பேசித் தீர்க்கப்பட்டதா, வராக்கடனாகத் தள்ளப்பட்டதா என்பவற்றை அப்பதிவேடு அறியும். ஏன் வரவில்லை என்பதை அறியாது. தகவல்களைக் குறைந்தது ஏழாண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் விதி. பதிவேட்டுக்குச் செய்தி தருவது கடன் கொடுத்த ஸ்தாபனமே ஆதலால், நீதிமன்றம் ஒருவனை விடுவித்தாலும் அந்தக் கட்டளை தானாகவே பதிவேட்டில் ஏறிவிடுவதில்லை. சட்டத்தின் கண்ணில் கடனற்றவனாகிய மனிதன் வங்கியின் கண்ணில் தவறியவனாகவே நிற்கிறான்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள் பெரும்பங்கு கொண்டு வளர்த்த தாராவித் தோல் தொழிலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 2015 மார்ச்சில் மகாராஷ்டிரத்தில் காளைகளையும் எருதுகளையும் வெட்டுவது தடை செய்யப்பட்டபோது அத்தொழிலின் மூலப்பொருளுக்கே முட்டு ஏற்பட்டது. 2016 நவம்பரில் ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாதவையாகி, ரொக்கத்தில் நடந்துவந்த கூலியும் கொள்முதலும் ஸ்தம்பித்தன. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பட்டறைகளின் கதவுகள் மூடப்பட்டு, தொழிலாளர்கள் ஊர் திரும்பினர். இந்த ஐந்தாண்டுக் காலத்தில் தவணை தவறிய ஒரு பட்டறைக்காரரின் தாமதத்தில், அவருடைய ஒழுக்கத்துக்கு எவ்வளவு பங்கு, அரசாணைகளுக்கும் நோய்க்கும் எவ்வளவு பங்கு என்பதை எந்த எண்ணால் பிரித்துக் காட்ட முடியும்? ரிசர்வ் வங்கியே 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்டு 31 வரை தவணைகளை ஒத்திவைக்க அனுமதித்து, அவ்வாறு ஒத்திவைத்ததைத் தவணை தவறியதாகப் பதியக் கூடாது என்றும் கட்டளையிட்டது. காரணத்தைக் கருதிப் பதிவு செய்யலாம் என்னும் கொள்கை இவ்விதமாக ஒருமுறை ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டபடியால், அது ஆறு மாதத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று வாதிப்பது எளிதன்று.

நடைமுறையில் தாராவிக்காரர் நீதிமன்றத்துக்குப் போவதில்லை, செட்டில்மெண்டுக்குத்தான் போகிறார். நிலுவையில் ஒரு பகுதியைக் கட்டி மீதியைத் தள்ளுபடி செய்துகொண்டு கணக்கை முடித்தால், கடன் அடைந்தது என்று எழுதப்படாமல், பேசித் தீர்க்கப்பட்டது என்றே எழுதப்படுகிறது. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளின்படி, விவசாயக் கடன் நீங்கலாக, அத்தகையவருக்கு அதே ஸ்தாபனம் மீண்டும் கடன் கொடுக்கக் குறைந்தது பன்னிரண்டு மாதம் கழிய வேண்டும். இந்தக் காத்திருப்பு நியாயமானதே. ஆனால் பன்னிரண்டு மாதம் கழிந்த பிறகும் அந்தச் சொல் பதிவேட்டில் நிற்பதால், பிற வங்கிகளின் வாசலும் அடைத்தே கிடக்கிறது. அவருக்காகக் கையெழுத்திட்ட செம்பூர் மைத்துனர், மாதச் சம்பளக்காரர், ஒரு நாளும் தவணை தவறாதவர், ஜாமீன்தாரர் என்ற முறையில் அந்தக் கடன் தம்முடைய பதிவேட்டிலும் ஏறியிருப்பதைத் தம் மகளின் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அறிந்துகொள்வது, தமிழ்க் குடும்பங்களில் எளிதில் நேரக்கூடிய துன்பம்.

வங்கிக் கணக்கு இருப்பது வேறு, வங்கிக் கடன் கிடைப்பது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி திவாலாகி எண்ணற்றோரின் சேமிப்பு மூழ்கியபோது, வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானோர் முயன்று மறு ஆண்டிலேயே இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தார்கள். திவாலின் சாம்பலிலிருந்து எழுந்த அதே வங்கி, நூறாண்டு கழித்து 2007-இல் தாராவியில் கிளை திறந்தது. 2014-இல் தொடங்கிய ஜன்தன் திட்டமும் கணக்குகளைப் பெருக்கியது. ஆயினும், நொடித்துப்போனவர் மறுபடியும் தொழில் தொடங்குவது பெரும்பாலும் சீட்டுப் பணத்தாலும், இங்கே பிஷி என்று வழங்கும் கூட்டுச் சேமிப்பாலும், மனைவியின் நகையாலும், அவையும் போதாதபோது தண்டல்காரரின் தினவட்டியாலுமே. மாதந்தோறும் தவறாமல் சீட்டுக் கட்டி, எடுத்த பிறகும் ஒழுங்காகக் கட்டி முடித்தவரின் நாணயத்துக்கு அக்கம்பக்கத்தார் சாட்சி. பதிவேட்டுக்கு அது தெரியாது.

டெபாசிட் போட்டவர்களின் பணத்தைக் காக்க வேண்டாமா என்று எதிர்வாதம் வரும். காக்கத்தான் வேண்டும், 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மகாராஷ்டிரக் கூட்டுறவு வங்கி முடங்கி, முதலில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தபோது மும்பை பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வங்கியைக் கவிழ்த்தது ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுத்து மறைத்த கடனேயொழிய, பட்டறைக்காரரின் கடன் அன்று. மேலும் பதிவை அழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அரைகுறையான பதிவை முழுமைப்படுத்த வேண்டும் என்கிறேன்.

2025-இல் மத்திய நிதியமைச்சகம், முதன்முறை கடன் கேட்பவருக்குக் குறைந்தபட்ச எண் கட்டாயமில்லை என்று பாராளுமன்றத்தில் விளக்கிற்று. கடன் வரலாறே இல்லாதவருக்குத் திறந்த அந்தக் கதவு, வீழ்ந்து, கணக்கைத் தீர்த்து, எழுந்து நிற்பவருக்கும் திறக்க வேண்டும். அதற்கு, 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பின் மூன்றாம் பாகம் சாதாரணக் கடனாளிக்கும் அமலாக வேண்டும். ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படாதவருக்கே புதுவாழ்வுத் திட்டம் என்று அதில் போட்டிருக்கும் வரம்பு மும்பையில் ஏறக்குறைய எவருக்கும் பொருந்தாதாகையால், அதையும் உயர்த்த வேண்டும். விமோசனக் கட்டளையை, நீதிமன்றம் கண்ட காரணத்தோடு சேர்த்து, கடன் தகவல் ஸ்தாபனங்கள் குறித்த காலத்துக்குள் பதிய வேண்டும். செட்டில்மெண்டு செய்து ஓராண்டு ஒழுங்காக நடந்துகொண்டவரின் கணக்கிலும் அதைக் குறிக்க வேண்டும். பதிவு செய்யப்பட்ட சீட்டு நிறுவனங்களின் தவணைக் கணக்கையும் சந்தாதாரரின் சம்மதத்தோடு ஏற்கலாம். 2020-இல் தெரு வியாபாரிகளுக்கென்று வந்த ஸ்வநிதித் திட்டம், பத்தாயிரத்தை அடைத்தவருக்கு இருபதாயிரம், அதையும் அடைத்தவருக்கு ஐம்பதாயிரம் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போயிற்று. நொடித்துப்போன பட்டறைக்காரருக்கும் இம்மாதிரிச் சிறு கடனை முதலில் கொடுத்துப் பார்ப்பதில் வங்கிக்கு நேரக்கூடிய நஷ்டம் அற்பமானது, அவர் தண்டல்காரரிடம் சிக்காமல் தப்புவதோ சிறிய லாபமன்று.