வீட்டில் பியர் தயாரித்தல்

வீட்டில் பியர் தயாரித்தல் என்பது முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையின் சாற்றை ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துச் சிறு அளவில் நொதிக்கச் செய்வதாகும். பிரித்தானியாவில் 1963 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை. ஐக்கிய அமெரிக்காவில் 1978 இல் ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் கூட்டரசு அளவில் இதனை அனுமதித்தது.

புதியவர்களுக்குக் கடையில் கிடைக்கும் மால்ட் சாறே எளிது. ஆறிய சாற்றைத் தொடும் கலன், குழாய் அனைத்தையும் கழுவினால் மட்டும் போதாது, கிருமிநீக்கமும் செய்யவேண்டும். ஏல் வகை ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு 18-22 பாகை செல்சியசு ஏற்றது.

குமிழிகள் அடங்கியதை மட்டும் நம்பிப் புட்டியில் அடைத்தல் ஆபத்தானது. அடர்த்திமானியின் அளவு சில நாட்கள் மாறாதிருக்க வேண்டும். இல்லையெனில் எஞ்சிய சர்க்கரை மூடிய புட்டிக்குள் நொதித்து, கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தால் கண்ணாடி வெடிக்கக்கூடும். நுரைக்காகச் சேர்க்கும் சர்க்கரையையும் நிறுத்தே இடவேண்டும்.