சேத்ரியின் கடைசி ஆட்டமும் எங்கள் மைதானத்து அண்ணாவும்

 

போன கிழமை பாடசாலை விட்ட பிறகு தரம் 10 பெடியன் ஒருவன் எங்களிடம் கேட்டான்: "சேர், அண்ணா ஏன் இப்ப மைதானத்துக்கு வாறேல்ல?" எந்த அண்ணா என்று உருத்திரபுரத்துக்குத் தெரியும். முழங்கால் விட்டுவிட்டது. ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் வரவில்லை, பிறகு வரவேயில்லை.

அடுத்த நாள் வகுப்பில் சுனில் சேத்ரியின் கதையைச் சொன்னோம். இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறோம்.

சேத்ரி 1984 ஓகஸ்ட் 3 இல் செகந்தராபாத்தில் பிறந்தவர். தகப்பன் இராணுவத்தில் இருந்தவர். தாய் நேபாளப் பெண்கள் அணிக்கு உதைபந்தாட்டம் ஆடியவர். 2005 யூன் 12 இல் பாகிஸ்தானின் குவெட்டாவில் இந்தியாவுக்காக முதல் ஆட்டம், முதல் கோல். ஆட்டம் 1-1.

2024 மே 16 இல் ஒரு காணொளியில் ஓய்வை அறிவித்தார். அதில் கோல் கணக்கைப் பெரிதாகப் பேசவில்லை. முதல் ஆட்டத்தன்று காலையில் பயிற்றுநர் சுக்விந்தர் சிங் வந்து, நீ ஆடப்போகிறாய் என்று சொன்னதைச் சொன்னார். கையில் கிடைத்த சட்டைக்கு ஏனென்று தெரியாமல் சென்ட் அடித்ததைச் சொன்னார். இந்த 19 வருடமும் கடமை, அழுத்தம், சந்தோசம் மூன்றும் கலந்தே இருந்ததாம். முடிவை வீட்டில் சொன்னபோது தகப்பன் சாதாரணமாக இருந்தார், தாயும் மனைவியும் அழுதார்கள். களைத்துப்போய் எடுத்த முடிவில்லை, உள்ளுக்குள் தோன்றியது என்றார். ஆனால் உள்ளே இருக்கிற சின்னப் பெடியன் நிறுத்தச் சம்மதிக்கமாட்டான் என்பதையும் மறைக்கவில்லை.

யூன் 6, கொல்கத்தா சோல்ட் லேக் மைதானம், குவைத்துக்கு எதிரான ஆட்டம். 0-0. அழுதபடி வெளியேறினார். 151 ஆட்டம், 94 கோல். அப்போது அவருக்கு மேலே ரொனால்டோ, மெஸ்ஸி, ஈரானின் அலி தாயி மட்டும்தான். (சின்னப் பெடியன் உண்மையில் சம்மதிக்கவில்லை. 2025 மார்ச்சில் திரும்பி வந்து மாலைதீவுக்கு எதிராக ஒன்று அடித்தார்!)

ஆனால் இதே ஆள் 2018 இல் மும்பையில் சீன தாய்பேக்கு எதிராக மூன்று கோல் அடித்தபோது பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். எங்களைத் திட்டுவதென்றாலும் மைதானத்துக்கு வந்து திட்டுங்கள் என்று காணொளியில் கேட்டார். அவருடைய 100 ஆவது ஆட்டத்துக்கு மைதானம் நிரம்பியது. ஒருவர் வாய் திறந்து கேட்டதால்தான் சனம் வந்தது. எங்கள் அண்ணா கேட்கிற ஆளில்லை.

அவருக்கும் சேத்ரிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. 2005 இல் இங்கேயும் சமாதான காலம், பெடியள் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2008 ஓகஸ்ட் 13 இல் டில்லியில் ஏ.எஃப்.சி. சலஞ்ச் கிண்ண இறுதியாட்டத்தில் சேத்ரி தஜிகிஸ்தானுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். அந்த நாட்களில் மேற்கு வன்னிச் சனம் மாட்டுவண்டியிலும் உழவு இயந்திரத்திலும் கிளிநொச்சிப் பக்கம் வந்துகொண்டிருந்தது. சில மாதத்தில் எங்கள் மைதானத்திலும் ஆளில்லை. உதைபந்தாட்டக்காரனின் கால் நன்றாக ஓடும் வயது அண்ணாவுக்குச் செட்டிகுளம் முகாமில் கழிந்தது. எங்கள் குடும்பம் 1990 ஒக்டோபரில் வடக்கை விட்டுப் புத்தளம் போனது. ஆகவே 2008 ஐ நாங்கள் பார்க்கவில்லை, அவர் வாயால் கேட்டதுதான். அதையும் கால் வலிக்குத் தைலம் பூசிக்கொண்டேதான் சொன்னார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4 மணிக்குப் பழைய ஆட்டக்காரரும் பாடசாலைப் பெடியளும் ஆடுகிறார்கள். அண்ணா ஓடத் தேவையில்லை, முதல் பந்தை உதைத்தால் போதும். அவர் முகநூலில் இல்லை, தயவுசெய்து ஒருவரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவரின் சப்பாத்து பிய்ந்துபோய்க் கிடக்கிறது. ஒன்பதாம் இலக்கச் சப்பாத்து வைத்திருப்பவர்கள் எங்களுக்கு ஒரு கோல் எடுங்கோ.